மூன்றாவது ஆக்ஸிஜன் சென்சார் வாங்கும் முன்

கேள்வி: கரூரில் கடை வைத்திருக்கிறேன். என் கார் 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 98,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் டவுனுக்குள்தான் ஓட்டம். சில மாதம் முன்பு செக் எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு" என்றார்கள். மாற்றினோம். ஒரு வாரத்தில் லைட் திரும்ப வந்தது. வேறொரு மெக்கானிக், "அது டூப்ளிகேட், ஒரிஜினல் போடணும்" என்றார். அதையும் போட்டாயிற்று. மறுபடி லைட். இந்த முறை பி0171 என்று ஸ்கேனர் காட்டிய பிழைக் கோடை (code) எழுதிக் கொடுத்தார்கள். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 13-ஐத் தாண்டுவதில்லை. சைலன்ஸர் வாயில் விரல் வைத்தால் கரி ஒட்டுகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள் சிலர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், ஐந்து நிமிடத்தில் போய்விடும். டேப்பட் சத்தம், கண்டுகொள்ள வேண்டாம் என்றார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மூன்றாவது சென்சாரும் வேண்டாம். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த டிக் டிக் சத்தம், எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோடு. பி0171 என்றால் "சென்சார் கெட்டுவிட்டது" என்று பொருள் இல்லை. "கலவையில் காற்று கூடுதலாக, பெட்ரோல் குறைவாகத் தெரிகிறது, நான் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரிக்கட்ட முடியவில்லை" என்று ஈசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், சொல்கிறது, அவ்வளவுதான். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முன் சென்சாரைப் பற்றியே பேசும் கோடுகள் வேறு. பி0130 முதல் பி0135 வரை அந்தக் குடும்பம். அதிலும் பி0133 என்றால் மந்தமாக வேலை செய்கிறது, பி0134 என்றால் சிக்னலே இல்லை, பி0135 என்றால் உள்ளே இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு. முதல் தடவை உங்கள் வண்டியில் என்ன கோடு வந்தது என்று யாரும் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்போதும் பி0171-ஆகவே இருந்திருக்கலாம். ஸ்கேனர் திரையில் இந்தக் கோடு வந்ததும் சென்சாருக்கு ஆர்டர் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய இடங்களில் இருக்கிறது. கெட்ட சேதி கொண்டுவந்தார் என்று தபால்காரரை மாற்றுகிற வேலை அது.

இந்த சென்சார் என்ன செய்கிறது என்பது கொஞ்சம் புரிந்தால் மீதி எல்லாம் சுலபம். அதன் மூக்குக்குள் ஜிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இரண்டு பக்கமும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்தைப் பொறுத்து அது தானாகவே சின்ன மின்னழுத்தம் உண்டாக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமே இல்லையென்றால், அதாவது பெட்ரோல் கூடுதல் என்றால், 0.8 அல்லது 0.9 வோல்ட். ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் 0.1 வோல்ட் பக்கம். நடுவில் 0.45. அந்த அளவுக்கு மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும்படி ஈசியு பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடும். 1976-இல் வோல்வோ கார்களில் போஷ் நிறுவனத்தின் சென்சார் முதன்முதலாக வந்தபோதும் இதே தத்துவம்தான். அப்போது ஹீட்டர் கிடையாது, புகைச் சூட்டிலேயே காய வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை மட்டும் பார்க்கிறது. அந்த ஆக்ஸிஜன் எஞ்சினுக்குள்ளிருந்து வந்ததா, வழியில் ஏதோ ஓட்டை வழியாக நுழைந்ததா என்று அதற்குத் தெரியாது. பிளக் அடிக்காமல் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு வேலை செய்தால் (மிஸ்ஃபயர்), எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வெளியே வரும். சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்து "பெட்ரோல் குறைவு" என்றுதான் சொல்லும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். உண்மையிலேயே பெட்ரோல் குறைவாகப் போயிருந்தால் ஈசியு என்ன செய்யும்? குறைந்த அளவை நிரப்பும். நிரப்பியதும் கலவை பழைய நிலைக்கு வரும். மைலேஜ் பெரிதாக மாறாது, சைலன்ஸரில் கரியும் பிடிக்காது. உங்களுக்கு மைலேஜும் விழுந்திருக்கிறது, கரியும் இருக்கிறது. கோடு பெட்ரோல் குறைவு என்கிறது, வண்டியோ பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து வர ஒரே வழி, இல்லாத குறையை இருப்பதாக நம்பி ஈசியு அள்ளி ஊற்றுவது. பல வண்டிகளில் இந்தத் திருத்தம் 25 சதவீதத்தை ஒட்டிப் போனதும் கோடு விழும். 16-ஐ 1.25 ஆல் வகுத்துப் பாருங்கள், 12.8 வரும். நீங்கள் எழுதிய 13-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

ஆக, சென்சாருக்குப் பொய்யான ஆக்ஸிஜன் தெரிகிறது. இரண்டு புது சென்சாரும் ஒரே பொய்யைச் சொல்வது அரிது. அவை பார்ப்பதை அப்படியே சொல்கின்றன. அப்படியானால் சென்சாருக்கு முன்னால், எஞ்சினுக்கும் அதற்கும் நடுவில், எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது. புகை வெளியே தள்ளும் குழாயில் காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்பீர்கள். புகை ஒரே சீராகப் போவதில்லை, ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தள்ளு தள்ளுகிறது. இரண்டு தள்ளுக்கு நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் விரிசல் வழியாகக் காற்று உறிஞ்சப்படும். ஐட்லிங்கில் இது அதிகம், ரேஸ் செய்யும்போது குறைவு.

அந்த டிக் டிக் சத்தத்துக்கு வருவோம். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலோ, இணைப்பில் கசியாமல் அடைக்கும் அதன் கேஸ்கெட் எரிந்திருந்தாலோ, குளிர்ந்த எஞ்சினில் ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு டிக் கேட்கும். உலோகம் சூடாகி விரிந்ததும் இடைவெளி இறுகி சத்தம் அடங்கும். அடங்கிவிட்டது என்பதால் கசிவு நின்றதாக நினைக்கக் கூடாது. காதுக்குக் கேட்காத அளவு இடைவெளியே சென்சாரை ஏமாற்றப் போதும். வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் சத்தமும் குளிரில் கேட்டு, ஆயில் ஏறியதும் அடங்கக்கூடியதுதான், அதனால் அப்படிச் சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலையில் சத்தம் கேட்கும்போது மெக்கானிக்கை ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தியதும் டிக் சத்தம் போய்விட்டால் அது புகைக் கசிவு. டேப்பட் என்றால் சிலிண்டர் எரிந்தாலும் எரியாவிட்டாலும் அடித்துக்கொண்டேதான் இருக்கும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றினாலும் சிலிண்டர் நிற்கும், ஆனால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சூடாகும். அதனால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே நல்லது.

கசிவு இடத்தைக் கண்டுபிடிக்க எஞ்சினை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, சைலன்ஸர் வாயில் துணி சுற்றி வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வைத்து மெதுவாகக் காற்று ஏற்றலாம். மேனிஃபோல்டு, கேஸ்கெட் விளிம்பு, சென்சார் திருகியிருக்கும் இடம், எல்லாவற்றிலும் சோப்பு நீர் தெளித்தால் குமிழி வரும். ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் இன்னும் நல்லது. வெப்பத் தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அதைக் கழற்றாமல் "ஒண்ணும் இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கசிகிற இடத்தில் பெரும்பாலும் கருப்பாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு தீற்றல் இருக்கும். எஞ்சின் ஓடும்போது பார்க்கிற எதையும் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் கசியும் புகை உயிருக்கே ஆபத்து.

இதற்கெல்லாம் முன்னால், வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. ஈசியு சொல்வதை மொபைலில் காட்டும் புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று வாங்கி ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும் சாக்கெட்டில் மாட்டி, மொபைல் ஆப்பில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் இரண்டையும் திறந்து வையுங்கள். ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்று அவை சொல்லும். எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஐட்லிங்கில் இரண்டையும் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்துக் குறியுங்கள். ஐட்லிங்கில் 25, ரேஸ் செய்தால் 8 என்று இறங்கினால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, மேடு ஏறும்போதும் ஹைவேயிலும் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் இன்ஜெக்டர் அடைப்பு அல்லது எரிபொருள் அழுத்தத்தைப் பாருங்கள். கூட்டுத்தொகை பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை.

வெளிக்காற்று என்றதும் எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் கிழிந்த வாக்குவம் ஹோஸைத் தேடச் சொல்வார்கள். தேடட்டும், தப்பில்லை. ஆனால் நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான் இருக்கும். அந்த வகையில் ஹோஸ் வழியாக நுழையும் காற்றும் அழுத்தத்தைக் கூட்டிவிடுவதால் ஈசியு அதையும் கணக்கில் எடுத்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐட்லிங் ஆர்பிஎம்தான் உயர்ந்து நிற்கும். நீங்கள் ஐட்லிங் உயர்ந்ததாக எழுதவில்லை. உங்களுடையது மேப் வகை என்றால் இன்டேக் கசிவுக்கு வாய்ப்பு இன்னும் குறைகிறது.

இ20 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் வரும். பத்து சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்த வண்டியில் இ20 ஊற்றினால் ட்ரிம் நாலைந்து சதவீதம் மேலே போவது இயல்பு. மைலேஜும் சில சதவீதம் குறையும். ஆனால் 16-லிருந்து 13 என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவையும் எத்தனால் தலையில் கட்ட முடியாது. சைலன்ஸரில் கரி பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏற்கெனவே விளிம்பில் இருந்த ட்ரிம்மை இ20 கொஞ்சம் தள்ளிவிட்டு லைட்டை எரிய வைத்திருக்கலாம்.

அப்படியும் இப்போது போட்டிருக்கும் சென்சாரின் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால், அதைக் கழற்றாமலே சோதிக்கலாம். மொபைலில் முன் சென்சாரின் வோல்ட்டை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலியான சாலையில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தால் 0.8-க்கு மேல் ஏற வேண்டும். பிறகு கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். அப்போது ஈசியு பெட்ரோலையே நிறுத்திவிடும், வெறும் காற்று மட்டும் போகும். வோல்ட் 0.1-க்குக் கீழே சட்டென்று விழ வேண்டும். இரண்டு எல்லையையும் தயங்காமல் தொட்டால் அந்த சென்சார் நல்லது. சூடான எஞ்சினை 2,500-இல் பிடித்தால் வினாடிக்கு ஒரு தடவையாவது 0.45-ஐத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். மெதுவாக அலைந்தால் மந்தம், 0.45-லேயே அசையாமல் நின்றால் சூடாகவில்லை அல்லது வயர் அறுந்திருக்கிறது. புளூடூத் அடாப்டர்கள் வேகமாகப் படிக்காது, அதனால் மற்ற எண்களையெல்லாம் மூடிவிட்டு இந்த ஒன்றை மட்டும் பாருங்கள். உங்களுடையது நாலு வயர் சென்சார் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஐந்து, ஆறு வயர் வரும் வைட்பேண்ட் வகைக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. அதில் காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் லாம்ப்டா என்ற எண், சரியான கலவைக்குரிய 1-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பின் சென்சாரும் ஒரு சாட்சி. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் அது நல்ல வண்டியில் 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். முன்னது "பெட்ரோல் குறைவு" என்று சொல்லிக்கொண்டிருக்க, பின்னது 0.8-க்கு மேலேயே ஒட்டிக்கொண்டால் மட்டும் முன் சென்சாரையும் அதன் வயரையும் சந்தேகப்படலாம்.

ஹீட்டர் கோடு வந்தால் சென்சாரை விலை பேசுவதற்கு முன் ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்து எலி. நிறுத்திவைத்த காரில் இந்த வயர்களைக் கடிப்பது அதற்குப் பிடித்த வேலை. பிறகு மல்டிமீட்டரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயருக்கு நடுவே, பெரும்பாலும் வெள்ளை, ஓம்ஸ் பாருங்கள். குளிர்ந்த நிலையில் சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. எல்லையில்லாமல் காட்டினால்தான் அறுந்தது.

சென்சார் மாற்றியபோது வயரை வெட்டிச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மலிவான சென்சார்களில் கனெக்டர் பொருந்தாது, பழைய கனெக்டரை வெட்டி ஒட்டுவார்கள். அதில் ஈயம் வைத்து சால்டரிங் செய்தால் வினை. பல சென்சார்களில் உள்பக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்று அந்த வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் போகிறது. ஈயம் அதை அடைத்துவிடும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கிரிம்ப் போடுவதுதான் முறை. கனெக்டருக்குள் கிரீஸ் பூசுவதும் கூடாது. வால்வ் கவருக்கோ ஆயில் சேம்பருக்கோ சென்சாருக்கு ஆகாத சிலிகான் பேஸ்ட் போட்டிருந்தால் அதன் ஆவியும் சென்சாரைக் கொல்லும், மூக்கு வெள்ளையாகிவிடும். ஒரு காலத்தில் இந்தக் கொலையைக் காரீயம் கலந்த பெட்ரோல் செய்தது, 2000-இல் அது நாட்டில் நிறுத்தப்பட்டது.

கன்வெர்ட்டரை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்? கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற கோடு வந்ததாக நீங்கள் எழுதவில்லை. அது வந்தாலும்கூட, முன்னால் புகைக் கசிவும் கூடுதல் பெட்ரோலும் இருக்கும்வரை கன்வெர்ட்டருக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. கசிவை அடைக்காமல் புதுசு போட்டால் அதையும் இதே கூடுதல் பெட்ரோல் சூடேற்றிக் கெடுக்கும். பின் சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேஸர் திருகி லைட்டை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.

பல சின்ன கார்களில் மேனிஃபோல்டும் கன்வெர்ட்டரும் ஒரே துண்டாக வரும், உங்களுடையதும் அப்படி இருக்கலாம். கேஸ்கெட் மட்டும் போயிருந்தால் செலவு சொற்பம். ஆனால் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட் (ஸ்டட்) உடைந்தால் கூலி கூடும், முதல் நாளே எண்ணெய் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள். முகப்பு வளைந்திருந்தால் லேத்தில் சமப்படுத்த வேண்டும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் என்றால், நன்றாகச் சூடேற்றி வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். சும்மா ஒட்டினால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும், அதற்கு பழைய பாகம் ஒன்று தேடிப் போடுவதே மேல். குழாய் வகை ஸ்டீல் என்றால் வெல்டிங் நிற்கும்.

சோதனையில் கசிவே இல்லை என்று தெரிந்தால் அடுத்து பிளக்கும் காயிலும். மிஸ்ஃபயரும் இதே பொய்யான ஆக்ஸிஜனையும் கரியையும் தரும் என்று முன்னால் சொன்னேன். அப்போது ஐட்லிங்கில் நடுக்கமும் இருக்கும், பல நேரம் பி0300 வரிசையில் ஒரு கோடும் கூடவே வரும்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பிழைக் கோடை அழித்துவிட்டு, ட்ரிம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, டவுனும் ஹைவேயுமாக இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். ஐட்லிங்கில் கூட்டுத்தொகை பத்துக்குக் கீழே வந்து நின்றால் விஷயம் முடிந்தது, மைலேஜை அடுத்த டேங்க் பெட்ரோலில் கணக்குப் போடலாம். வராவிட்டால் ஐட்லிங், 2,500, ஹைவே மூன்று இடத்து எண்களையும், பின் சென்சார் வோல்ட்டையும் எழுதி அனுப்புங்கள். அப்புறம், முதலில் கழற்றிய பழைய சென்சார் அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோளாறே இருந்திருக்காது என்பது என் சந்தேகம்.